மலைகளின் தோழர் பாப் மார்ஷல்

மலையேறுவது என்றால் நமக்கெல்லாம் கொள்ளை ஆசை. ஆனால் ஏறத் தொடங்கிய அரைமணி நேரத்திலேயே உட்கார இடம் தேடுவோம். முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரே நாளில் முப்பது, நாற்பது மைல் மலைக்காடுகளில் நடந்த ஒருவரைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறோம். அவர்தான் பாப் மார்ஷல். அமெரிக்காவில் மலையேறுவோர் நன்கறிந்த பெயர் அது.

இவர் 1901-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை லூயி மார்ஷல் புகழ்பெற்ற யூத வழக்கறிஞர். காடுகளைக் காக்கப் பாடுபட்டவருங்கூட. செல்வத்திற்குக் குறைவில்லை. கோடை விடுமுறைதோறும் குடும்பத்தார் அடிரான்டாக் மலைகளில் ஓர் ஏரிக்கரையில் இருந்த தம் வீட்டிற்குச் செல்வர். அங்கே வழிகாட்டியாகப் பணிபுரிந்த ஹெர்ப் கிளார்க் என்பவர்தான் பாபுக்கும் தம்பி ஜார்ஜுக்கும் காட்டைக் கற்றுக்கொடுத்த ஆசான். 1918-இல் மூவரும் ஒயிட்ஃபேஸ் சிகரத்தில் ஏறினர். 1925-க்குள் 4000 அடிக்கு மேற்பட்டவை என்று அன்று கருதப்பட்ட 46 சிகரங்களையும் ஏறி முடித்துவிட்டனர். அவற்றுள் பலவற்றிற்கு ஒற்றையடிப் பாதைகூட அப்போது கிடையாது!

காட்டியல் படித்துப் பட்டம் பெற்ற மார்ஷல், 1925-இல் மான்டானா மாநிலத்தில் அரசு வனத்துறை ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். எதையும் எண்ணிக் குறித்து வைப்பது இவர் வழக்கம். மரம் வெட்டும் தொழிலாளர் எத்தனை நிமிடத்தில் சாப்பிடுகின்றனர், எத்தனை தகாத சொற்களைப் பேசுகின்றனர் என்றுகூட எண்ணினாராம். அந்தச் சொற்களை நமது மலரில் அச்சிட இயலாது! பின்னர் அலாஸ்காவில் வைஸ்மன் என்னும் பனிப்பிரதேசச் சிற்றூரில் ஓராண்டுக்கு மேல் தங்கி, அம்மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1933-இல் வெளிவந்த அந்நூல் நன்றாக விற்பனையானது. கிடைத்த பணத்தில் ஒரு பங்கை அவ்வூராருக்கே பகிர்ந்தளித்தார்.

1937-இல் அமெரிக்க வனத்துறையில் பொழுதுபோக்குப் பிரிவின் தலைவரானார். அங்கே தேசிய வனம் என்பது மரம் வெட்டவும், கால்நடை மேய்க்கவும், நீர்வளம் காக்கவும், மக்கள் சென்று களிக்கவும் அரசு வைத்திருக்கும் காடு. மக்கள் என்றால் யார் என்பதுதான் மார்ஷலின் கேள்வி. தமக்குச் சிறுவயதில் கிடைத்த ஏரியும் மலையும் நகரத்து ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லையே என்று வருந்தினார். குறைந்த செலவில் தங்கக்கூடிய முகாம்கள் வேண்டும் என்றார். நிறத்தாலோ மதத்தாலோ எவரையும் விலக்கலாகாது என்று வாதாடினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். மக்கள் வரவேண்டுமானால் சாலை வேண்டும். சாலை வந்துவிட்டாலோ காடு காடாக இராது. மார்ஷல் இரண்டையுமே விரும்பினார். ஆகவே, சில பகுதிகளில் முகாம்களை அமைத்துவிட்டு, மலைகளின் உட்பகுதிகளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். நெடுந்தூரம் நடக்க வல்லவர் சிலரே அல்லவா, அவர்களுக்காக அவ்வளவு நிலமா என்று நமக்கும் தோன்றுகிறது. ஓவியக் கூடங்களுக்கும் சிலர்தான் செல்கின்றனர், அதற்காக அவற்றை மூடிவிடுகிறோமா என்ற கருத்தில் 1930-லேயே அவர் விடை எழுதியிருந்தார். அந்த விடை நமக்கு முழு நிறைவைத் தரவில்லை. ஆயினும் ஒருமுறை அழித்த காட்டை மீண்டும் உண்டாக்க முடியாது என்பதை எண்ணும்போது, அவர் பக்கமே சாய்கிறோம்.

1939 செப்டம்பரில் இவரது முயற்சியால் புதிய விதிகள் வந்தன. 1,00,000 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுப்பகுதிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றில் சாலை, மோட்டார் வண்டி, விடுதி, விற்பனைக்கு மரம் வெட்டுதல் ஆகிய யாவும் தடுக்கப்பட்டன. இரண்டே மாதங்களில், நவம்பர் 11-ஆம் நாள், வாஷிங்டனிலிருந்து நியூயார்க்கிற்குச் செல்லும் இரவு இரயிலில் மார்ஷல் உயிர் நீத்தார். அத்தனை மலைகளையும் ஏறிய இதயம் 38-ஆம் வயதிலேயே நின்றுவிட்டது. மணமாகாத அவர் சுமார் 15 இலட்சம் டாலர் சொத்தை மூன்று அறக்கட்டளைகளுக்கு எழுதி வைத்திருந்தார். அவற்றுள் ஒன்று காடுகளுக்காக. காடுகளைக் காக்க 1935-இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய சங்கமும் தளராது உழைத்தது. 1964-இல் அந்த விதிகளின் நோக்கம் நாட்டின் சட்டமாயிற்று.

மான்டானாவின் ராக்கி மலைத்தொடரில் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காடு இன்று அவர் பெயரால் விளங்குகிறது. அங்கே சைக்கிள்கூடச் செல்லக் கூடாது. நடந்தோ, குதிரை, கோவேறு கழுதைகளின் மீதோதான் போகவேண்டும். ஆற்றில் மீன் பிடிக்கலாம், தெப்பம் விடலாம், ஆயிரம் அடி உயரச் சுண்ணாம்புப் பாறைச் சுவரைக் கண்டு வியக்கலாம். கரடிகள் உண்டு, உணவை எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

அடிரான்டாக்கிலும் அவர் பெயரால் ஒரு சிகரம் இருக்கிறது. அதற்கு அவரே தம் வழிகாட்டியின் நினைவாக ஹெர்பர்ட் சிகரம் என்று பெயரிட்டிருந்தார்; அவர் மறைந்த பின் மார்ஷல் சிகரம் என்று மாற்றிவிட்டனர். ஆனால் அதன் சரிவில் ஓடும் ஓடைக்கு ஹெர்பர்ட் ஓடை என்றே பெயர். சிகரத்திற்குச் செல்வோர் அந்த ஓடைக்கரையைப் பிடித்துத்தான் ஏறுகின்றனர்.