பொதுவழியைப் பொதுவாக்கிய பெருந்தகை

தாம்பரத்திலிருந்து தெற்கே நீளும் பெருஞ்சாலை செங்கற்பட்டைக் கடந்து மதுராந்தகத்தை அடைகின்றது. அம்மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார். அவர் பிறந்த காலத்தில் சாலையும் குளமும் கிணறும் இல்லாமல் இல்லை. அவற்றை அணுகும் உரிமைதான் நம் மக்களுக்கு இல்லை.

கோவையில் கல்வி கற்று, நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றியபின், 1890ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்தார். ஒரு சமுதாயம் எழுவதற்குப் பேசும் வாய் வேண்டும் என்பதை உணர்ந்து, 1893இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவாகக் கூறப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து இதழுக்குச் சூட்டினார். பின்னர் அதற்கெனச் சொந்த அச்சுக்கூடமும் அமைந்தது. பிறர் கதவைத் தட்டாமல் நம் குறையை நாமே அச்சிட அவ்வச்சுக்கூடம் வழிவகுத்தது.

1900இல் கடல்கடந்து சென்ற அவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். 1921இல் தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1924ஆம் ஆண்டு அவர் கொணர்ந்த தீர்மானம் நாம் என்றும் மறவாதிருக்கத் தக்கது. எவ்வூரிலும் எத்தெருவிலும் எவ்வகுப்பினரும் நடக்கலாம். பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எல்லோரும் ஒப்பப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். மன்றம் அதனை ஏற்றது. அரசும் ஆணை பிறப்பித்தது.

இலண்டனில் 1930, 1931ஆம் ஆண்டுகளில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து உரிமை கோரினார். அதே 1931இல்தான் கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்த ரயில் நிலையத்திற்குச் செல்லும் தெருவில் நடக்கத் தடை இருப்பின், ரயில் வந்தும் பயன் என்ன? 1945இல் அப்பெரியார் மறைந்தார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் வேற்றுமை காட்டுதலை நாடு முழுவதும் விலக்கியது.

இளைஞர்களே! இன்று குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பேருந்தும் இணையக் கம்பியும் நம் புறநகர்களுக்கு வருகின்றன. அவை நம் கடைசித் தெரு வரை வந்தனவா, ஊர் எல்லையிலேயே நின்றனவா என்று பாருங்கள். நின்றிருப்பின் சீற்றத்தோடு அமைந்துவிடாதீர்கள். மனு எழுதுங்கள், படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், விடை வரும்வரை தொடருங்கள். எழுத்தும் சட்டமும் கொண்டு வழிதிறந்த அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.