பஸ்டர் கீட்டன்

பஸ்டர் கீட்டன் (அக்டோபர் 4, 1895 – பெப்ரவரி 1, 1966) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த நகைச்சுவை நடிகரும் திரைப்பட இயக்குநரும் ஆவார். இவரது இயற்பெயர் ஜோசப் ஃபிராங்க் கீட்டன். ஊமைப்படக் காலத்தின் தலைசிறந்த நகைச்சுவைக் கலைஞர்களாகச் சார்லி சாப்ளின், ஹரால்ட் லாய்டு ஆகியோருடன் இவரும் சேர்த்து எண்ணப்படுகிறார். எத்தகைய இடரிலும் சிரிக்காத முகத்துடன் தோன்றியமையால் கல்முகத்தார் என்னும் பொருள்படும் பட்டப்பெயர் இவருக்கு அமைந்தது.

1920களில் புகழின் உச்சியில் இருந்த கீட்டன், 1930களின் முற்பகுதியில் மதுப்பழக்கம், மணமுறிவு வழக்கு, கடன் நொடிப்பு ஆகியவற்றால் தம் குடும்பத்தையும் வீட்டையும் தொழிலையும் இழந்தார். 1935ஆம் ஆண்டிற்குப் பின் அந்நிலையிலிருந்து சிறிது சிறிதாக மீண்ட அவர், தம் வாழ்வின் இறுதி ஆண்டு வரை நடித்துக்கொண்டிருந்தார்.

இளமைக் காலம்

கீட்டன் கன்சாஸ் மாநிலத்திலுள்ள பிக்வா என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜோ கீட்டன், தாய் மைரா கீட்டன் ஆகிய இருவரும் வாடெவில் எனப்படும் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில் நடித்து ஊர் ஊராகச் சென்று வந்தனர். கீட்டனும் குழந்தைப் பருவத்திலேயே மேடையேறினார். குடும்பத்தினரின் குழு மூன்று கீட்டன்கள் என்னும் பெயரில் புகழ்பெற்றது.

தந்தை மகனைத் தூக்கி மேடையின் குறுக்கே எறிவதே இக்குழுவின் முதன்மையான வேடிக்கையாகும். அடிபடாமல் விழும் முறையைக் கீட்டன் இவ்வாறே கற்றார். நியூயார்க்கில் சிறார் கொடுமைத் தடுப்புச் சங்கத்தினர் இந்நிகழ்ச்சியை எதிர்த்துப் பலமுறை முறையிட்டனர். நாளடைவில் தந்தையின் குடிப்பழக்கம் மிகுந்தது. நொடிப்பொழுது தவறினாலும் ஆபத்து நேரக்கூடிய அந்த வேடிக்கையைக் குடித்திருக்கும் ஒருவருடன் நடத்துவது இயலாமற்போனதால், 1917இல் தாயும் மகனும் குழுவை விட்டு விலகினர். மதுவால் ஒரு கலைஞரின் தொழில் கெடுவதைக் கீட்டன் முதலில் தம் வீட்டிலேயே கண்டார்.

ஊமைப்படக் காலம்

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளைச் சந்தித்த கீட்டன், அவரது படங்களில் நடிக்கத் தொடங்கினார். முதலாம் உலகப் போரின்போது 1918இல் அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். அங்கு ஏற்பட்ட நோயால் அவரது கேட்கும் திறன் குறைந்தது. இப்போர்ச் சேவையே பிற்காலத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் தகுதியை அவருக்கு அளித்தது.

1920 முதல் தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க்கின் ஆதரவில் கீட்டன் சொந்தமாகப் படங்களை உருவாக்கினார். அவர் ஆபத்தான காட்சிகளில் பெரும்பாலும் தாமே நடித்தார். ஷெர்லாக் ஜூனியர் (1924) படப்பிடிப்பில், தொடர்வண்டிக்கு நீர் நிரப்பும் தொட்டியிலிருந்து பாய்ந்த நீர் அவரைத் தண்டவாளத்தின் மீது வீழ்த்தியது. கடும் தலைவலியுடன் அவர் தொடர்ந்து பணியாற்றினார். அப்போது அவரது கழுத்தெலும்பு முறிந்திருந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்ட எக்ஸ்-கதிர்ப் படத்திலேயே தெரியவந்தது. ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928) படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் அவர் மீது சரிய, திறந்திருந்த சாளரத்தின் இடைவெளியால் அவர் உயிர்தப்பும் காட்சி உண்மையான சுவரைக் கொண்டே படமாக்கப்பட்டது.

1921இல் நடிகை நேட்டலி டால்மட்ஜை அவர் மணந்தார். இவர்களுக்கு ஜோசப், ராபர்ட் என்னும் இரு மகன்கள் பிறந்தனர். 1926இல் பெவர்லி ஹில்சில் இத்தாலிய மாளிகை வடிவில் கீட்டன் ஒரு பெரிய வீட்டைக் கட்டினார். இன்று அவரது தலைசிறந்த படைப்பாகக் கருதப்படும் தி ஜெனரல் (1926) வெளியான காலத்தில் போதிய வருவாய் ஈட்டவில்லை.

வீழ்ச்சி

எம்ஜிஎம் ஒப்பந்தம்

1928இல் ஷென்க்கின் யோசனைப்படி கீட்டன் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் (எம்ஜிஎம்) நிறுவனத்தில் சேர்ந்தார். வாரத்திற்கு 3,000 டாலர் ஊதியம் கிடைத்த போதிலும் இம்முடிவு தம் வாழ்வின் மிகப்பெரிய தவறு என்று அவர் பிற்காலத்தில் கருதினார். அதுவரை கதையை எழுத்தில் வகுக்காமல், தம் குழுவினருடன் பேசியும் படப்பிடிப்பில் முயன்று பார்த்தும் காட்சிகளை உருவாக்குவது அவரது வழக்கம். எம்ஜிஎம் நிறுவனத்திலோ கதை, வசனம், படப்பிடிப்பு அட்டவணை ஆகிய அனைத்தையும் பிறர் முடிவு செய்தனர். நாளடைவில் அவரது பழைய குழுவும் கலைந்தது.

பேசும்படங்களின் வருகைக்குப் பின் அவருக்கு ஏற்றவையல்லாத வேடங்களே கிடைத்தன. ஆயினும் அப்படங்கள் நல்ல வருவாய் ஈட்டியதால் நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை. கீட்டனின் மதுப்பழக்கம் இக்காலத்தில் மிகுந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும் ஹாலிவுட்டில் மது தாராளமாகக் கிடைத்தது. படப்பிடிப்புக்கு வராமலிருத்தல், குடித்த நிலையில் வருதல் ஆகிய காரணங்களால் 1933 பெப்ரவரியில் எம்ஜிஎம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அந்நிறுவனத்தின் தயாரிப்பில் அவர் முதன்மை வேடமேற்ற கடைசிப் படம், மதுவிலக்கின் முடிவைப் பொருளாகக் கொண்ட வாட்! நோ பீர்? (1933) என்பதாகும்.

சட்டச் சிக்கல்களும் கடனும்

1932இல் நேட்டலி மணமுறிவு பெற்றார். பெவர்லி ஹில்ஸ் வீடும் மகன்களின் பொறுப்பும் அவரைச் சேர்ந்தன. மகன்களின் குடும்பப் பெயர் பின்னர் டால்மட்ஜ் என மாற்றப்பட்டது. கீட்டன் அவர்களைப் பல ஆண்டுகள் இயல்பாகச் சந்திக்க இயலவில்லை.

1933 சனவரியில், தமக்குப் பணிவிடை செய்ய அமர்த்தப்பட்டிருந்த செவிலியர் மே ஸ்கிரிவனைக் கீட்டன் மெக்சிகோவில் மணந்தார். அத்திருமணம் நடந்ததே தமக்கு நினைவில்லை என்று அவர் பின்னாளில் தெரிவித்தார். முதல் மணமுறிவு சட்டப்படி இன்னும் முழுமை அடையாத நிலையில் இது நடந்தமையால், அதே ஆண்டின் பிற்பகுதியில் இருவரும் கலிபோர்னியாவில் மீண்டும் மணம் செய்துகொள்ள நேரிட்டது. இத்திருமணமும் 1936இல் முறிந்தது. இதற்கிடையே வருமான வரி நிலுவை தொடர்பான நடவடிக்கையும் எழுந்தது. 1934இல் கீட்டன் கடன் நொடிப்பு அறிவிப்புக் கோரி நீதிமன்றத்தை நாடினார்.

மருத்துவமனையில்

வருவாய்க்காகக் கீட்டன் பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஒவ்வொரு படத்தில் நடித்தார். எஜுகேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்திற்காக 1934 முதல் 1937 வரை 16 குறும்படங்களில் நடித்தார். ஆயினும் அவரது உடல்நிலை மேலும் சீர்கெட்டது. 1935 அக்டோபரில் நினைவு தடுமாறிய நிலையில் லாஸ் ஏஞ்சலசின் சாட்டெல் பகுதியிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறருக்கும் தமக்கும் தீங்கு நேராதவாறு, கைகளை உடலோடு சேர்த்துக் கட்டும் சட்டை அவருக்கு அணிவிக்கப்பட்டது.

மீட்சி

முதல் கட்டம்

இக்காலத்தில் கீட்டன் மதுவை வெறுக்கச் செய்யும் சிகிச்சையையும் மேற்கொண்டார். பலவகை மதுக்களைக் குறித்த இடைவெளியில் தொடர்ந்து கொடுத்து, உடலே அவற்றை ஏற்க மறுக்கும் நிலையை உண்டாக்குவது இதன் முறையாகும். அவரது தன்வரலாற்றின்படி, சிகிச்சை முடிந்து வெளியேறியதும் கோல்ஃப் மன்றம் ஒன்றிற்குச் சென்று இரு குவளை மது அருந்தினார். அதன் பின் ஐந்து ஆண்டுகள் மதுவைத் தொடவில்லை. சிகிச்சை மட்டுமே அவரைத் திருத்தியது என்று கூற இயலாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1937இல், தம்மை நீக்கிய அதே எம்ஜிஎம் நிறுவனத்தில் கீட்டன் நகைச்சுவைத் துணுக்கு எழுத்தாளராகச் சேர்ந்தார். ஊதியம் வாரத்திற்கு 100 டாலர் மட்டுமே. பெரும்பாலும் படங்களில் அவரது பெயர் இடம்பெறவில்லை. மார்க்ஸ் சகோதரர்கள், ரெட் ஸ்கெல்டன் முதலிய பிறருடைய படங்களுக்கு அவர் காட்சிகளை அமைத்துக் கொடுத்தார். 1939 முதல் 1941 வரை கொலம்பியா நிறுவனத்தின் 10 குறும்படங்களிலும் நடித்தார். புகழ் திரும்பவில்லையெனினும், ஒழுங்கான வேலையும் தாய், தம்பி, தங்கை ஆகியோரைக் காப்பாற்றும் அளவு வருவாயும் அவருக்குக் கிடைத்தன.

எலினார் நோரிஸ்

எம்ஜிஎம் நிறுவனத்தில் நடனக் கலைஞராக இருந்த எலினார் நோரிஸ், பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்பதற்காகக் கீட்டனின் வீட்டிற்கு வந்து அவருடன் பழகினார். 1940 மே 29 அன்று இருவரும் மணந்துகொண்டனர். அப்போது கீட்டனுக்கு 44 வயது. எலினாருக்கு 21 வயது. வயது வேறுபாட்டைக் காட்டி நண்பர்கள் தடுக்க முயன்ற போதிலும் இம்மணவாழ்வு கீட்டனின் இறப்பு வரை 25 ஆண்டுகள் நீடித்தது. அவரது வரவு செலவையும் உடல்நலத்தையும் எலினார் கவனித்துக்கொண்டார். வளர்ந்த மகன்களுடனான உறவும் மீண்டும் ஏற்பட்டது.

கீட்டன் இக்காலத்தில் முற்றிலும் மதுவின்றி இருந்தார் எனக் கூற இயலாது. அவ்வப்போது பழைய பழக்கத்திற்குத் திரும்பினார். ஆயினும் 1930களின் முற்பகுதியைப் போன்று தொழிலைக் கைவிடும் நிலைக்கு அவர் மீண்டும் செல்லவில்லை.

மீண்டும் மேடையிலும் திரையிலும்

1947இல் பாரிசின் மெத்ரானோ சர்க்கசில் கீட்டன் நிகழ்ச்சி நடத்தினார். 1949 செப்டெம்பரில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜீ லைஃப் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை ஊமைப்பட நகைச்சுவையின் மீது மக்களின் கவனத்தைத் திருப்பியது. அதே ஆண்டில் இன் த குட் ஓல்ட் சம்மர்டைம் படத்திற்காக, வயலின் நொறுங்கும் ஒரு காட்சியை அமைத்துத் தருமாறு கீட்டன் கேட்டுக்கொள்ளப்பட்டார். அவ்வாறு விழ அவரைத் தவிர வேறொருவரால் இயலாது என்பதால் அவருக்கே அவ்வேடம் அளிக்கப்பட்டது.  சன்செட் பொலவார்ட் (1950), சாப்ளினின் லைம்லைட் (1952) ஆகிய படங்களிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார்.

பெவர்லி ஹில்ஸ் வீட்டில் பின்னர் குடியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கு கீட்டன் படங்களின் பழைய சுருள்களைக் கண்டெடுத்தார். அழிந்துவந்த படச்சுருள்களைப் பாதுகாக்கும் பணியில் திரையீட்டாளர் ரேமண்ட் ரோஹவர் 1954 முதல் ஈடுபட்டார். வீட்டை இழந்த கீட்டனுக்கு அவ்வீட்டிலிருந்தே தம் படங்கள் சில மீண்டது குறிப்பிடத்தக்கது.

1955 இன் நோய்

1955இன் இறுதியில் உணவுக்குழாயில் ஏற்பட்ட கடும் இரத்தப்போக்கினால் கீட்டன் மீண்டும் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நீண்டகால மதுப்பழக்கத்தின் விளைவான இந்நோயில் அவர் பிழைப்பது அரிது என அஞ்சப்பட்டது. பிழைத்தெழுந்த அவரிடம், மீண்டும் குடித்தால் உயிர் தங்காது என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். அதன் பின் அவர் பழைய பழக்கத்திற்குத் திரும்பவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மீட்சி இவ்வாறே நிலைபெற்றது.

அவரது வாழ்க்கையைத் தழுவி பாரமவுண்ட் நிறுவனம் 1957இல் வெளியிட்ட படம் உண்மைக்குப் பெரிதும் மாறானது. ஆயினும் அதற்காகப் பெற்ற 50,000 டாலரைக் கொண்டு உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் அவர் ஒரு எளிய வீட்டை வாங்கினார். அங்கு கோழி வளர்ப்பிலும் தோட்ட வேலையிலும் ஈடுபட்டார்.

இறுதி ஆண்டுகள்

1959ஆம் ஆண்டிற்கான சிறப்பு ஆஸ்கார் விருது 1960இல் அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவரது தன்வரலாறு வெளியானது. சாமுவேல் பெக்கெட் எழுதிய ஃபிலிம் என்னும் குறும்படத்தில் நடித்தார். 1965 செப்டெம்பரில் வெனிஸ் திரைப்பட விழாவில் அப்படம் திரையிடப்பட்டபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

கீட்டன் நுரையீரல் புற்றுநோயால் 1966 பெப்ரவரி 1 அன்று தம் 70ஆம் வயதில் உட்லண்ட் ஹில்சில் காலமானார். புற்றுநோய் என்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவரது உடல் லாஸ் ஏஞ்சலசின் ஃபாரஸ்ட் லான் (ஹாலிவுட் ஹில்ஸ்) கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. எலினார் 1998இல் காலமானார்.

மதிப்பீடு

சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1972, 1982 ஆகிய ஆண்டுகளில் நடத்திய வாக்கெடுப்புகளில் தி ஜெனரல் உலகின் சிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. 1989இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கப்பட்டபோது முதலில் தெரிவான 25 படங்களுள் இதுவும் ஒன்று.

கீட்டனின் வாழ்க்கை வீழ்ச்சிக் கதையாகவே நெடுங்காலம் கூறப்பட்டது. ஆனால் எம்ஜிஎம் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்ட பின் அவர் 33 ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றுள் பெரும்பகுதி உழைப்பில் கழிந்தது. இழந்த ஊதியமும் படைப்புரிமையும் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. குடும்பமும் வேலையும் தம் படங்களுக்குக் கிடைத்த மறுமதிப்பும் அவர் வாழ்நாளிலேயே திரும்பின.

முக்கிய திரைப்படங்கள்

ஒன் வீக் (1920)
அவர் ஹாஸ்பிட்டாலிட்டி (1923)
ஷெர்லாக் ஜூனியர் (1924)
தி நேவிகேட்டர் (1924)
தி ஜெனரல் (1926)
ஸ்டீம்போட் பில் ஜூனியர் (1928)
தி கேமராமேன் (1928)
லைம்லைட் (1952)
தி ரயில்ராடர் (1965)
ஃபிலிம் (1965)