திருத்தணிகை மீண்ட கதையும் சிலம்புச் செல்வரும்

சென்னையிலிருந்து திருத்தணிகைக்குப் புகைவண்டியிற் செல்லும் அன்பர்கள் அரக்கோணத்தைக் கடந்தவுடனே சாளரத்தின் வழியே மலையைத் தேடத் தொடங்குவார்கள். ஆண்டின் நாட்களுக்கு ஈடாக 365 படிகள் என்று சொல்லப்படும் அம்மலையில், டிசம்பர் 31-ஆம் நாள் இரவு படிதோறும் விளக்கும் பாட்டுமாக அடியார்கள் ஏறுங் காட்சியைக் கண்டோர் எளிதில் மறவார். இவ்வூரில் 1888-ஆம் ஆண்டிற் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அவர்கள் மிஷன் கல்லூரிகளிலே பயின்று நாட்டின் தலைமைப் பதவி வரை உயர்ந்ததை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆனால் இதே ஊர் 49 ஆண்டுக்காலம் சித்தூர் ஜில்லாவில் அடங்கியிருந்ததையும், அவற்றுள் இறுதி ஆறரை ஆண்டுகள் ஆந்திர இராஜ்யத்திற்கு உட்பட்டிருந்ததையும் அறிந்தவர் நம்முள் மிகச் சிலரே. அது மீண்டும் தமிழகத்தோடு சேர்ந்ததற்குப் பெருங் காரணமாயிருந்தது, சட்டசபையில் ஒருநாளும் பெருந்தொகையாக அமர்ந்திராத ஒரு சிறு கட்சி. அக்கட்சியை நிறுவி நடத்திய ம. பொ. சிவஞானம் அவர்களின் வாழ்க்கையிலே, வாக்குச்சீட்டுக்கும் அப்பாற்பட்ட அந்த உழைப்பு எத்தகையது என்பதை மட்டும் இங்கு ஆராயக் கருதுகிறோம்.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைச் சார்ந்த சால்வன்குப்பத்தில், பொன்னுசாமி, சிவகாமி என்னும் ஏழைப் பெற்றோருக்கு 1906-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. சிறுவயதிலேயே தறியில் அமர்ந்தார். பின்னர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்குந் தொழிலாளியாகி, டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்களின் தமிழ்நாடு பத்திரிகையிலே வேலை பார்த்தார். கல்லூரி வாயிலை மிதித்தறியாத அவருக்கு ஈய எழுத்துக்களே கலாசாலை ஆயின. பிற்காலத்தில் தம் இயக்கத்திற்குப் பத்திரிகை நடத்தியபோது, கட்டுரை வரைவது முதல் அச்சேற்றுவது வரை எந்த வேலையும் அவருக்குப் புதிதன்று. கையிற் பொருளில்லாத ஒரு கட்சிக்கு இஃது எத்துணைப் பெரிய முதல் என்பதை, நம் கல்லூரிச் சஞ்சிகைக்காக அச்சகத்திற்கு நடையாய் நடக்கும் நண்பர்கள் நன்குணர்வார்கள்.

காங்கிரஸ் மகாசபையிற் சேர்ந்து பன்முறை சிறை சென்ற அவரை, 1942-ஆம் ஆண்டுப் போராட்டத்திலே அரசாங்கத்தார் மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பினர். அங்குற்ற வயிற்று நோய் ஆயுள் முழுதும் அவரை விட்டகலவில்லை. அந்தச் சிறைவாசத்திலேதான் சிலப்பதிகாரத்தில் அவர் தோய்ந்தார். மூவேந்தர் நாட்டையும் ஒருங்கே பாடும் அக்காப்பியத்தில், சேரன் சோழன் பாண்டியன் என்ற பிரிவுகளுக்கு மேற்பட்ட ஒரு தமிழகத்தை அவர் கண்டார். சிலம்புச் செல்வர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டியவர் சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள்.

விடுதலை வருவது உறுதியான 1946-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழரசுக் கழகத்தை அவர் தொடங்கினார். காங்கிரஸை விட்டு விலகி அதைத் தொடங்கவில்லை; காங்கிரஸ்காரராக இருந்துகொண்டே தொடங்கினார். ஆகவே தேர்தலில் தனியே நிற்கும் எண்ணம் அன்று கழகத்துக்கு இல்லை. தேர்தலுக்கு நில்லாத கட்சி எதைச் செய்து உயிர் வாழ்வது? கழகத்தார் ஊருக்கொரு கிளை அமைத்தனர். இளங்கோவடிகளுக்கும், கட்டபொம்மனுக்கும், வ. உ. சிதம்பரனாருக்கும் விழா எடுத்தனர். வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடியை ஏற்றினர். கவி கா. மு. ஷெரீப், கு. மா. பாலசுப்பிரமணியம் போன்ற கவிஞர்கள் கழகத்திலிருந்தனர். நாடகக் கலைஞர் டி. கே. ஷண்முகம் அவர்களும் துணை நின்றார். 1950 முதல் செங்கோல் என்னும் வாரப் பத்திரிகை ஊர்களுக்குக் கழகத்தின் குரலைக் கொண்டு சென்றது. இவற்றை வெறும் விழாக்கூட்டமென்று நகையாடினோரும் அன்று உண்டு. ஆனால் ஒரு விழாவுக்குப் பந்தலிட்டுப் பத்துப் பேரைத் திரட்டத் தெரிந்தவன், மறியலுக்கும் பத்துப் பேரைத் திரட்டுவான் என்பதைப் பின் நிகழ்ந்தவை காட்டின.

எல்லைச் சிக்கலின் தோற்றத்தை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் அன்றைய அரசாங்கத்தார் வட ஆர்க்காட்டுத் தாலூகாக்கள் சிலவற்றையும் கடப்பை ஜில்லாவின் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் ஜில்லாவை அமைத்தார்கள். தமிழர் மிகுதியாக வாழ்ந்த திருத்தணியும் அதிற் சேர்ந்தது. சென்னை மாகாணம் ஒன்றாக இருந்தவரை அதனாற் பெருங்கேடு எதுவும் தோன்றவில்லை. கலெக்டர் எவ்வூரிலிருந்தால் என்ன என்று மக்கள் இருந்துவிட்டனர். மாகாணம் மொழிவழிப் பிரியும் காலம் வந்தபோதோ, கச்சேரி வசதிக்காக இட்ட அந்தக் கோடே நாட்டின் எல்லைக்கோடாகும் நிலை நேர்ந்தது.

இந்த அபாயத்தை முன்னறிந்து உழைத்தவர் அப்பகுதித் தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஆவர். குருவராசப்பேட்டையை இருப்பிடமாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று எளிய மக்களுக்குத் தமிழ் கற்பித்தவர் அவர். கூலி கருதாத அந்த ஆசிரியரின் மாணவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களெங்கும் பரவியிருந்தார்கள். ம. பொ. சி. அவர்கள் வடக்கெல்லைக்குச் சென்றபோது, கழகத்துக்கு வேண்டிய ஆட்களிற் பலர் முன்னரே அங்கு உருவாகியிருந்தனர். தலைவருடைய புகழிலே ஆசிரியரின் பெயர் சற்று மறைந்துபோனது நமக்கு வருத்தமே. திருத்தணி வழக்கறிஞர் கே. விநாயகம், சித்தூர் ஈ. எஸ். தியாகராசன் ஆகியோரும் இவ்வணியிற் சேர்ந்தனர். நாடு விடுதலை பெற்றதற்கு மறுநாள், 1947 ஆகஸ்டு 16-ஆம் தேதி, மற்றவர்கள் கொண்டாட்டத்தில் மூழ்கியிருக்க, ம. பொ. சி. அவர்கள் தொண்டர்களோடு திருப்பதிக்குப் புறப்பட்டார். பழைய நூல்கள் தமிழகத்துக்கு வட எல்லையாகக் கூறும் வேங்கடத்தை நினைவூட்டுவதே அப்பயணத்தின் நோக்கம்.

1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு அவர்கள் உண்ணா நோன்பிருந்து சென்னையில் உயிர் நீத்தார். ஆந்திர இராஜ்யம் அமையும் என்ற அறிவிப்பு உடனே வந்தது. சென்னை நகர் யாருக்கு என்ற வழக்கும் கூடவே மூண்டது. தலைநகரைக் காக்கும் கிளர்ச்சியில் கழகம் முன்னணியில் நின்றது. சென்னை ஆந்திரத்திற் சேராது என்பது 1953 மார்ச்சில் நேரு அவர்களின் அறிவிப்பினால் தெளிவாயிற்று. ஆனால் சித்தூர் ஜில்லா பிளவுபடாமல் ஆந்திரத்துக்குச் செல்வதும், எல்லைத் தகராறு பின்னர்த் தீர்க்கப்படுவதும் என்றே ஏற்பாடு இருந்தது. பின்னர் என்ற சொல்லில் திருத்தணி மக்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. கடையடைப்பும் ஊர்வலமும் மறியலும் தொடங்கின. 1953 ஜூலையில் தடையுத்தரவை மீறித் திருத்தணியில் ம. பொ. சி. அவர்கள் சிறைப்பட்டார். ஆந்திர இராஜ்யம் அப்போது பிறக்கவேயில்லை என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். அவரைச் சிறையிட்டது இராஜாஜி அவர்களைத் தலைமையாகக் கொண்ட சென்னைக் காங்கிரஸ் அரசாங்கமே, அவரும் காங்கிரஸ்காரரே. நெடிய இப்போராட்டத்திற் சிறைசென்ற தொண்டருள் இருவர் சிறையிலேயே உயிர் துறந்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர இராஜ்யம் உதயமாயிற்று, திருத்தணி அதற்குட்பட்டது. மங்கலங்கிழார் அதற்குச் சில வாரங்கள் முன்னரே காலமாகிவிட்டார்.

இதற்குப் பின் வந்த ஆண்டுகளே நம் ஆராய்ச்சிக்கு உயிரான பகுதி. கிளர்ச்சியின் சூடு தணிந்தது. பத்திரிகைகள் வேறு செய்திகளைத் தேடிச் சென்றன. 1954-இல், கழகமா காங்கிரஸா என்று தெரிந்தெடுக்க வேண்டிய நெருக்கடி ம. பொ. சி. அவர்களுக்கு ஏற்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தாம் உழைத்து, சிறையில் உடல்நலத்தையும் இழந்த மகாசபையை விட்டு அவர் வெளியேறினார். பதவிக்கு வழி காங்கிரஸில் இருந்தது, கழகத்தில் இல்லை. இம்முடிவு அரசியல் தந்திரத்தில் வல்லவர் எடுக்கும் முடிவன்று என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் அவர் காங்கிரஸில் தங்கியிருந்தால் வடக்கெல்லைக் கிளைகள் கலைந்தே போயிருக்கும்.

தென்னெல்லையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அங்கே நேசமணி அவர்களின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தேர்தல்களில் வென்று, சட்டசபையில் தன் உறுப்பினரைக் கொண்டு வாதாடியது. கன்னியாகுமரிப் பகுதித் தாலூகாக்கள் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தன. வடக்கிலோ கழகத்துக்கு அத்தகைய சட்டசபைப் பலம் இல்லை. இருந்தவை கிளைகள், வாரப் பத்திரிகை, பொதுக்கூட்டம், விண்ணப்பம், அவ்வப்போது மறியல், அவ்வளவே.

இறுதியில் இரு அரசாங்கங்களும் ஒரு நடுவரை ஏற்றன. மத்திய அமைச்சராக இருந்த ஹெச். வி. படாஸ்கர் அவர்களே அந்நடுவர். ஜில்லாவையோ தாலூகாவையோ அளவாகக் கொள்ளாமல், கிராமத்தையே அளவாகக் கொண்டு, அங்குப் பெரும்பான்மையோர் பேசும் மொழியையும், நிலத்தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுப்பது என்பது அவர் கொண்ட முறை. பிற மாகாணங்களின் எல்லைத் தகராறுகளிலும் இம்முறை பின்னர் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. கிராமமே அளவு என்றானபோது, தலைநகரத்து மேடையிற் செய்த பிரசங்கத்தைவிடச் சிற்றூர்களிற் செய்த வேலையே பெரிதாயிற்று. மங்கலங்கிழார் தமிழ் கற்பித்த ஊர்களிலும், கழகக் கொடி பறந்த ஊர்களிலும், தாங்கள் யார், எந்த மொழியினர், எதைக் கேட்கிறோம் என்பதை மக்கள் முன்னரே பல ஆண்டுகளாகப் பேசி முடிவு செய்திருந்தார்கள்.

1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், திருத்தணித் தாலூகாவின் பெரும்பகுதியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் செங்கற்பட்டு ஜில்லாவில் இணைந்தன. சித்தூர் ஜில்லா அமைந்ததும் இதே ஏப்ரல் முதல் நாளில்தான் என்பது ஒரு வேடிக்கை. ஈடாகச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. கழகத்தார் வேட்ட திருப்பதியும் சித்தூரும் கிடைக்கவில்லை. கிராமம் கிராமமாகக் கோடு இழுத்தாலும் ஒரே வீட்டில் இரு மொழியும் பேசுவோரை எந்தப் பக்கத்திற் சேர்ப்பது? இன்றும் அவ்வெல்லையூர்களின் கடைத்தெருவில் இரண்டு மொழியும் கேட்கின்றன; கொள்வினை கொடுப்பினைகளும் கோட்டைத் தாண்டியே நடக்கின்றன. திருப்பதியைக் கேட்டதில் நியாயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்பதில் நம் ஆசிரியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்தில்லை.

எல்லைப் பணி முடிந்தபின், இராஜ்யத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயர் வேண்டி 1961-இல் கழகம் கிளர்ச்சி நடத்தியது. பிற்கால நிகழ்ச்சிகளை விரிக்க இடமில்லை. 1966-ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதமிப் பரிசு, வள்ளலாரைப் பற்றி அவர் எழுதிய நூலுக்குக் கிடைத்தது. 1967-இல் தி. மு. கழகத்தின் கூட்டுறவோடு தியாகராய நகர்த் தொகுதியில் வென்று சட்டசபையுட் புகுந்தார். அவ்வாண்டு ஜூலையில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியபோது அவர் அவையிலிருந்தார். ஆனால் தேர்தல் வெற்றி வந்த காலமே கழகத்தின் தேய்பிறைக் காலமுமாயிற்று. பெருங் கட்சியொன்றின் நிழலில் நின்றபோது, தனியே கிளை நடத்துவதற்குத் தொண்டர்களிடம் பழைய ஊக்கமில்லை; கேட்டவற்றுட் பெரும்பாலானவை கிடைத்துவிட்டமையால் கேட்பதற்கும் அதிகமில்லை.

பின்னாளில் அவர் சட்ட மேலவையின் தலைவரானார். 1986-இல் அம்மேலவை கலைக்கப்பட்டபோது அதன் இறுதித் தலைவராயிருந்தவர் அவரே. 1995 அக்டோபர் 3-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். திருத்தணி 1997 முதல் திருவள்ளூர் ஜில்லாவில் அடங்கியிருக்கிறது. அவ்வூர் நிலையத்தில் இறங்கி, மலையை நோக்கி நடக்கும் வழியில், ஒரு காலத்திற் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்த தெருக்களைக் கடந்தே நாமும் சென்று வந்தோம்.