பிராமாவும் ஒரு தோல் வளையமும்

எங்கள் விடுதியின் பின்புறம் கட்டட வேலை நடக்கிறது. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வந்து நிற்கும். ஓட்டுநர் கிளச்சை மிதித்து ஒரு சிறு கைப்பிடியை இழுப்பார். சக்கரங்களை ஓட்டிய எஞ்சினின் ஆற்றல் இப்போது கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் பிரிந்து எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும். அழுத்தமேறிய எண்ணெய் உருளைக்குள்ளிருக்கும் தண்டை உந்த, பல டன் சுமையோடு தொட்டி மெல்ல நிமிரும். அதைக் காணுந்தோறும் நான் ஜோசப் பிராமாவை நினைத்துக்கொள்வேன்.

பிராமா 1748-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையில் காலில் அடிபட்டதால் ஏரை விட்டுத் தச்சு கற்றார். லண்டன் சென்று 1778-இல் கழிப்பறை நீரமைப்புக்கும், 1784-இல் ஒரு பூட்டுக்கும் காப்புரிமை பெற்றார். திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அவர் கடைச் சன்னலில் வைக்கப்பட்ட பூட்டை 1851 வரை எவராலும் திறக்க முடியவில்லை!

1795-இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படை விதியைப் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். 1 அங்குல விட்டமுள்ள தண்டை அழுத்தினால் 10 அங்குலத் தண்டில் 100 மடங்கு விசை கிடைக்கும். ஆனால் அது நகரும் தூரம் நூற்றில் ஒரு பங்கே. ஏட்டில் இது எளிது. செய்து பார்த்தபோதோ தண்டைச் சுற்றி நீர் பீறிட்டது. இறுக்கி அடைத்தால் தண்டு அசைய மறுத்தது.

இச்சிக்கலை அவிழ்த்தவர் பிராமாவின் பட்டறைத் தொழிலாளி ஹென்றி மாட்ஸ்லே என்பர். குழிவாக மடித்த ஒரு தோல் வளையம், அவ்வளவுதான். நீர் அழுத்த அழுத்தத் தோல் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் நீங்கினால் தளர்ந்து வழிவிடும். கசிவை உண்டாக்கிய அதே அழுத்தமே கசிவை அடைத்தது.

வாரம் 30 ஷில்லிங் பெற்றுவந்த மாட்ஸ்லே 1797-இல் கூலியை உயர்த்தக் கேட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே வெளியேறிச் சொந்தப் பட்டறை தொடங்கி, திருகு வெட்டும் கடைசல் எந்திரத்தால் பெரும் புகழ் பெற்றார். பிராமாவோ, தம் எந்திரத்தால் காட்டு மரங்களை வேரோடு பெயர்க்கும் பணியை மேற்பார்த்தபோது குளிர் தாக்கி, 1814 டிசம்பர் 9-ஆம் நாள் மறைந்தார்.

சென்ற மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தில், பொடியை வில்லையாக்கும் அழுத்தி பழுதாயிற்று. மூன்று நாள் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறைத் தொழிலாளி ஒருவர் வந்து, தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டுப் போனார். அழுத்தி வேலை செய்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயரைச் சேர்க்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிராமாவின் வாழ்க்கையைப் படித்த அன்றிரவே சேர்த்துவிட்டேன்.