ஆழம் அளந்த அறிஞர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் நாட்டுப் பழமொழி. மரக்காணம் கடற்கரையில் வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிறர் ஆழத்தில் பத்திரமாய் இறங்கி ஏறவேண்டும் என்பதற்காகத் தம் உடலையே சோதனைச் சாலையாக்கிய ஓர் அறிஞர் இருந்தார். அவர்தாம் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாய் மறைந்தவர். இன்று புதுச்சேரியிலும் அந்தமானிலும் ஸ்கூபா டைவிங் பயின்று சான்றிதழ் பெறுவோர் படிக்கும் பாடங்கள் பலவற்றின் பின்னே அவரும் அவர் தந்தையும் நிற்கிறார்கள்.

ஹால்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியல் அறிஞர். சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் குடிக்கும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். ஒருமுறை மகனைச் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்று, கூரையருகே மீத்தேன் வாயு தேங்கிய ஓரிடத்தில் நிமிர்ந்து நின்று ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவனுக்கு மூச்சு முட்டிற்று. கால்கள் துவண்டு தரையில் விழுந்தான். தரையருகே நல்ல காற்று இருந்ததால் பிழைத்தான். மீத்தேன் காற்றைவிட லேசானது என்ற பாடத்தை அவன் எந்நாளும் மறக்கவில்லை!

1906ஆம் ஆண்டில் தந்தை பிரிட்டிஷ் கடற்படைக்காக ஸ்காட்லாந்துக் கடலில் ஆராய்ச்சி நடத்தினார். பதின்மூன்றே வயதான மகனும் மூழ்குவோர் உடை அணிந்து இறங்கினான். உடை பெரிது, மணிக்கட்டு வழியே நீர் புகுந்து கழுத்துவரை ஏறிவிட்டது. ஆயினும் அவன் அஞ்சவில்லை.

அந்த ஆராய்ச்சியின் நோக்கம் என்ன? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்மேல் இன்னொரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. நம் உப்பளங்களை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் பாய்ச்சிய கடல்நீரில் உப்பு இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் வற்றிய பிறகே வெளிப்படுகிறது. நைட்ரஜனும் அவ்வாறே, ஆழத்தில் இருக்கும்வரை தன்னைக் காட்டிக்கொள்ளாது. மெதுவாக மேலேறினால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினாலோ, மூடி திறந்த சோடாவைப் போல உடலுக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுகளில் தாங்கொணா வலி, கை கால் முடக்கம், சில வேளை மரணமும் நேரும்.

ஆடுகளையும், பின்னர் மனிதர்களையும் கொண்டு சோதித்த தந்தை, படிப்படியாக நின்று நின்று மேலேற வேண்டும் என்று கண்டு 1908ஆம் ஆண்டில் அட்டவணை வெளியிட்டார். உலகில் பின்னர் வந்த அட்டவணைகளுக்கெல்லாம் அதுவே தாய்.

மகன் வளர்ந்து கணிதமும் இலக்கியமும் கற்றார். முதல் உலகப் போரில் காயமுற்றார். பின்னர் மரபியலில் பெரும்புகழ் பெற்று, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியரானார். அந்த மதிப்போடு அவர் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

1939ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் தெட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது லிவர்பூல் அருகே மூழ்கியது. உள்ளே இருந்த 103 பேரில் 4 பேரே தப்பினர். இறந்தவர்களுள் கப்பல் கட்டிய தொழிலாளர்களும் இருந்தனர். தொழிற்சங்கங்கள் ஹால்டேனின் உதவியை நாடின. மூடிய அறைக்குள் கரியமில வாயு பெருகும்போது மனிதன் எவ்வாறு செயலிழக்கிறான் என்பதை அறிய, அவரும் தொண்டர் சிலரும் இரும்பு அறையில் அடைபட்டுக் கிடந்தனர்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்காக இச்சோதனைகள் தொடர்ந்தன. உயிர் காக்கும் பிராண வாயுவே மிகுந்த அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும் என்பதை ஹால்டேன் தம் உடலிலேயே கண்டார். அத்தகைய வலிப்பொன்றில் அவர் முதுகெலும்பு சேதமுற்று, நெடுங்காலம் வலி தந்தது. செவிப்பறையிலும் ஓட்டை விழுந்தது. அதன் வழியே புகையிலைப் புகையை விட்டுக் காட்டலாமே என்று அவர் வேடிக்கை பேசுவாராம்! ஹெலன் ஸ்பர்வே என்ற பெண் விஞ்ஞானியும் இச்சோதனைகளில் துணிந்து பங்கேற்றார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவரே பின்னர் ஹால்டேனின் மனைவியானார்.

1957இல் இருவரும் இந்தியா வந்தனர். பேராசிரியர் மகாலனோபிஸின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஹால்டேன் பணியாற்றினார். நம் நாட்டு உடை உடுத்தினார், புலால் துறந்தார், இந்தியக் குடியுரிமை பெற்றார். பின்னர் புவனேஸ்வரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கேயே 1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. வாழும்போது ஆராய்ச்சிக்குத் தந்த உடலை இறந்த பின்னும் மாணவருக்கே தந்தார்!

இன்று ஸ்கூபா கற்போர் எளிதில் சான்றிதழ் பெற்றுவிட முடியாது. முகமூடிக்குள் புகுந்த நீரை நீருக்கடியிலேயே வெளியேற்ற வேண்டும். தோழரின் கலத்திலிருந்து காற்றைப் பகிர்ந்து சுவாசிக்க வேண்டும். எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். மூச்சை அடக்காதே, மெதுவாக ஏறு, 5 மீட்டரில் 3 நிமிடம் நில் என்பவை அவர்கள் கற்கும் பாடங்கள். முதுகில் சுமக்கும் கலத்தில் இருப்பது பலர் எண்ணுவதுபோல் தனிப் பிராண வாயு அன்று. அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றே. ஏன் என்பது ஹால்டேனின் வரலாற்றை அறிந்த நமக்கு விளங்கும். முதல் நிலைச் சான்றிதழை நம் வயதில், அதாவது 15 வயதில், முழுமையாகப் பெறலாம். அதற்குரிய ஆழம் 18 மீட்டர்.

இப்பாடம் பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கும் தொழிலாளர்களில் பலர், படகிலுள்ள கம்ப்ரெஸரிலிருந்து குழாய் வழியே காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். சான்றிதழும் அட்டவணையும் இன்றி அதிக நேரம் அடியில் தங்கி விரைந்து ஏறினால், ஹால்டேன் குடும்பம் தடுக்கப் பாடுபட்ட அதே நோய் அவர்களைத் தாக்கும். கண்டுபிடித்த அறிவு தேவைப்படுவோரைச் சென்று சேராவிட்டால் பயன் என்ன?

அன்புத் தோழியரே! சான்றிதழ் என்பது சுவரில் மாட்டும் காகிதம் அன்று. அதன் ஒவ்வொரு விதிக்கும் யாரோ ஒருவர் தம் உடலால் விலை கொடுத்திருக்கிறார். விதிகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல் காரணத்தையும் கற்போம். கற்றதைக் கடலை நம்பி வாழும் நம் மக்களுக்கும் எடுத்துச் சொல்வோம். அதுவே அவ்வறிஞருக்கு நாம் செய்யும் நன்றி.

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு