கொள்ளிடத்துக்குக் கடிவாளம் போட்ட ஆர்தர் காட்டன்: யார் இவர்?

ஸ்ரீரங்கத்திலிருந்து சமயபுரத்துக்கு பஸ் ஏறினால், திருவானைக்காவல் தாண்டியதும் கொள்ளிடம் பாலம் வரும். ஜன்னல் வழியே பார்த்தால் பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்தான். சுமார் 190 வருஷங்களுக்கு முன்னால் கதையே வேற. தண்ணீரெல்லாம் இந்தப் பக்கம், தவிச்சுக் கிடந்தது காவிரி.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணீர் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? ஒவ்வொரு வெள்ளத்திலும் கொள்ளிடம் தன் படுகையை அரித்து ஆழமாகிக்கொண்டே போனது. காவிரி மணல் தூர்ந்து மேடானது. தஞ்சாவூர் வயல்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் நேராகக் கடலில் போய் விழுந்தது. தூர் வாரிப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் மணல்.

1803-ல் இங்கிலாந்தில் பிறந்து, 18 வயதில் கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவ இன்ஜினியராக மெட்ராஸ் வந்தவர் ஆர்தர் காட்டன். காவிரியை ஊன்றிக் கவனித்தவர், தூர் வாரி ஆகப்போவது ஒன்றுமில்லை, கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஓர் அணை போடணும் என்ற முடிவுக்கு வந்தார். 1836-ல் வேலை தொடங்கியது.

ஆனால் ஆற்றில் பாறை கிடையாது, தோண்டத் தோண்ட மணல். அஸ்திவாரத்தை எதன்மேல் போடுவது? விடை, கொஞ்ச தூரத்தில் இருந்த கல்லணையில் கிடைத்தது. கரிகாலன் பெயர் சொல்லும் அந்த அணையும் மணல்மேல்தான் நிற்கிறது. கல்லைப் போட்டால் மணலில் அமிழும். ஒரு கட்டத்தில் அமிழ்வது நின்றுவிடும். அதன்மேல் அடுத்த கல். இந்த வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடம்தான் கற்றோம் என்பதை காட்டன் பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் காலத்து கம்பெனி அதிகாரிகளில் இது அபூர்வம்.

மேலணை வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே! காவிரிக்குள் தண்ணீர் பாய்ந்ததில் இப்போது அதன் படுகை அரிக்க ஆரம்பித்தது. அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தி, காவிரித் தலைப்பிலும் படுகையைக் காக்க ஒரு சுவர் போட வேண்டியதாயிற்று.

அடுத்து கோதாவரி. 1852-ல் முடிந்த தவளேஸ்வரம் அணைக்காக ஆந்திராவில் இன்றும் அவருக்கு மாலை போடுகிறார்கள். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குக் கொடுங்கள் என்று விடாமல் சண்டை போட்டார். மேலிடத்துக்கு அது ரசிக்கவில்லை. லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1876-78 பஞ்சத்தின்போது, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு அவரையே கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்டது. 1899-ல், 96 வயதில் இறந்தார்.

2018 ஆகஸ்ட். காவிரியில் பெருவெள்ளம். திருவானைக்காவலில் போக்குவரத்து நின்றுபோயிருந்த 1928-ஆம் வருஷத்து இரும்புப் பாலத்தின் தூண்கள் அரிப்பில் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள்; அரசு மறுத்தது. உடைப்பை அடைக்க, ராப்பகலாகப் பாறாங்கற்களைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள்.