மகாத்மாவும் பால் விரதமும்

மாமிசத்தை மட்டுமன்றிப் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கி, தானியங்களையும் பயறுகளையும் காய்கனிகளையும் மட்டுமே உண்டு மனிதன் பூரண தேகபலத்துடன் வாழ இயலுமா? இக்கேள்வி இன்று நம் இளைஞர்களிடையே அடிக்கடி எழுகின்றது. கறவை மாடுகள் படும் துன்பத்தைக் கண்டு மனம் பொறாமல் பாலைத் துறந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுடைய ஜீவகாருண்யத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் கருணை வழங்கும் தீர்ப்பு வேறு. சரீரம் வழங்கும் தீர்ப்பு வேறு. இவ்விரண்டுக்கும் இடையே நின்று தம் உடலையே பரீட்சைக்கு உட்படுத்திய ஒரு பெரியாரின் சரித்திரத்தை இவ்வழக்கில் முதற் சாட்சியமாக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி போர்பந்தரில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் பிறந்தார். ஆங்கிலேயர் நம்மை ஆள்வதற்குக் காரணம் அவர்கள் மாமிசம் உண்பதே என்று ஒரு தோழர் செய்த போதனையில் மயங்கி, பள்ளிப் பிராயத்தில் சில முறை பெற்றோர் அறியாமல் புலால் உண்டார். தாய் தந்தையரிடம் பொய் சொல்ல மனம் ஒவ்வாமல் அதைக் கைவிட்டார். 1888-இல் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் புறப்படுமுன், மாமிசத்தைத் தொடுவதில்லை என்று அன்னைக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். லண்டனில் அரைப் பட்டினியாகத் திரிந்த அவர், ஒரு மரக்கறி உணவு விடுதியில் ஹென்றி சால்ட் எழுதிய நூலை வாங்கிப் படித்தார். அன்னைக்காக மேற்கொண்ட விரதம் அன்று முதல் அறிவினால் ஏற்றுக்கொண்ட கொள்கையாயிற்று. லண்டன் மரக்கறி உணவுச் சங்கத்தின் நிர்வாக சபையிலும் அவர் இடம் பெற்றார்.

பாலைத் துறந்தது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர். தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில், 1912-இல், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து அவர் பாலை விட்டார். பால் புலனடக்கத்துக்கு இடையூறு என்று கருதியது ஒரு காரணம். கல்கத்தாவில் மாடுகளிடமிருந்து கடைசிச் சொட்டுப் பாலையும் கறப்பதற்குச் செய்யப்பட்ட கொடுமைகளைப் படித்தறிந்தது மற்றொரு காரணம். நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் இவையே அவர்களுடைய ஆகாரமாயின. 1914-இல் லண்டனில் நெஞ்சு நோயால் அவர் படுத்தபோது, பால் அருந்துமாறு கோகலே வற்புறுத்தினார். குருவாக மதித்தவரின் சொல்லுக்கும் அவர் அசையவில்லை.

சோதனைக் காலம் 1918-இல் வந்தது. கேடா ஜில்லாவில் கிராமம் கிராமமாக அலைந்த அக்காலத்தில், அரைத்த நிலக்கடலையும் எலுமிச்சையுமே பெரும்பாலும் அவர் உணவு. கடும் சீதபேதி கண்டது, மருந்தையும் மறுத்தார், மரண வாயில் வரை சென்றார். பேதி நின்ற பின்னும் பலம் திரும்பவில்லை. 1919-இன் தொடக்கத்தில் பம்பாயில் அவரைப் பரிசோதித்த டாக்டர் தலால், பால் அருந்தாமல் உடல் தேறாது என்று கூறிவிட்டார். விரதம் எடுக்கும்போது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே என்பதை அறிந்த கஸ்தூரிபா அம்மையார், ஆட்டுப்பாலுக்குத் தடையில்லையே என்று வழி காட்டினார். ரௌலட் மசோதாக்களை எதிர்த்துப் போராட உயிர் வேண்டியிருந்தது. காந்தியடிகள் இணங்கினார். ஆனால் விரதத்தின் எழுத்தைக் காத்து உயிரைக் கைவிட்டதாகவே அவர் எண்ணினார். அந்த வேதனை கடைசி வரை நீங்கவில்லை.

அவர் இதை மறைக்கவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சத்திய சோதனையில் முழுவதையும் எழுதி, தம்மைப் பின்பற்றிப் பாலை விட்டவர்கள் எவ்வகையிலும் நன்மை காணாவிடின் அப்பரீட்சையைத் தொடரலாகாது என்று எச்சரித்தார். பாலுக்கு நிகரான தாவரப் பொருளை அறிந்தவர் எவரேனும் இருந்தால் தெரிவிக்கும்படியும் வேண்டினார். 1929-இல் சமைக்காத உணவை மேற்கொண்டு பார்த்தார். உடல் இடம் கொடாததால் நிறுத்தினார். 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியம் பற்றி எழுதிய நூலில், குஞ்சு பொரிக்காத முட்டையைப் பால் அருந்துவோர் மறுக்கக் காரணமில்லை என்றும் கூறினார். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் சீமையில் இது பலர் அறியாத செய்தி.

ஒருவருடைய நோயை வைத்து உலகுக்கெல்லாம் தீர்ப்புக் கூறுதல் நியாயமாகாது. காந்தியடிகளை வீழ்த்தியது சீதபேதி. பால் இல்லாமை மட்டுமே என்று சாதிக்கச் சாட்சியம் இல்லை. நீலகிரியில் குன்னூரில் எலிகளைக் கொண்டு பரீட்சை செய்த மக்காரிஸன், முழுக் கோதுமையும் பருப்பும் காய்கறியும் பாலும் சேர்ந்த வடநாட்டு உணவே, தீட்டிய அரிசியை நம்பிய ஏழை உணவைவிட மேலானது எனக் கண்டார். ஆனால் பாலில் உள்ள எப்பொருள் இன்றியமையாதது என்பது அன்று விளங்கவில்லை.

விடை வந்த ஆண்டு 1948. ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா மறைந்தார். சில மாதங்களுக்குள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வைட்டமின் பி 12 பிரித்தெடுக்கப்பட்டது. இதை உண்டாக்குவது செடியுமன்று, விலங்குமன்று, நுண்ணுயிர்களே. பால், முட்டை, மாமிசம் வழியாக அது நம்மை அடைகின்றது. தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. நாளொன்றுக்கு வேண்டுவது 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வரையே. ஆயினும் அது குன்றினால் இரத்தம் சோர்கின்றது, நரம்புகள் கெடுகின்றன. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் கேடு வெளியே தெரியாது. கீரையிலுள்ள மற்றொரு சத்து இரத்தச் சோகையை மறைத்துவிட, நரம்பின் சேதம் உள்ளே வளர்வதும் உண்டு. காலம் கடந்தால் அச்சேதம் முழுவதும் மாறுவதில்லை.

மற்றச் சத்துக்களுக்கு நம் மண்ணில் குறைவில்லை. புதுச்சத்திரத்தைச் சுற்றிய மானாவாரிக் காடுகளில் விளையும் நிலக்கடலையின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு புரதம். சோளத்திலும் அரிசியிலும் குறைவதைப் பயறுகளும் கொள்ளும் ஈடு செய்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே எடைப் பாலில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே கேள்விக்கு நம் விடை இதுவே: ஆம், தாவர உணவு போதும்; ஆனால் தானியமும் பயறும் கீரையும் எள்ளும் கலந்து உண்ண வேண்டும், பி 12 மாத்திரையையோ அது சேர்த்த உணவையோ தவறாமல் கொள்ள வேண்டும். கருவுற்ற மாதரும் பால் கொடுக்கும் தாய்மாரும் குழந்தைகளும் வைத்தியர் மேற்பார்வையின்றி இதில் இறங்கலாகாது.

தொண்டு செய்ய முன்வந்த வாலிபர்கள் பாலை விடுவதாயின் விடட்டும். மாத்திரையையும் விடுவது வீரமன்று. காந்தியடிகள் தேடிச் சலித்த பொருள் இன்று மருந்துக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றது. தம் கொள்கைக்கு விரோதமாக உடல் சொன்ன சாட்சியத்தையும் ஒளிக்காமல் ஊரறியச் சொன்னவர் அவர். அவரைப் பின்பற்றுவோம் என்போர், உணவைப் பற்றி மேடையேறிப் பேசுமுன் அந்த நேர்மையைப் பின்பற்றுவார்களாக.